ஓடைக்கரை வீடும் காப்பீட்டுப் பத்திரமும்

2022 ஜூலை 27ஆம் தேதி இரவு அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நாட் கவுண்டியில் ஹிண்ட்மன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1902இல் தொடங்கிய பழைய பள்ளி வளாகம் ஒன்று அவ்வூரில் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் எழுத்தாளர் பட்டறைக்கு வந்தவர்கள் அன்று அங்கே தங்கியிருந்தார்கள். வளாகத்தை ஒட்டி ஓடும் ஓடையின் பெயர் டிரபிள்சம் கிரீக். தமிழில் தொல்லைக்கார ஓடை என்று சொல்லலாம். நள்ளிரவு வாக்கில் அது கரையேறியது. தங்கியிருந்தவர்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். பள்ளியின் ஆவணக் காப்பகத்துக்குள் சேறு புகுந்தது. பக்கத்து லெட்சர் கவுண்டியின் வைட்ஸ்பர்க் ஊரில் கென்டக்கி ஆற்றின் வடகிளையை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. 1957இல் பதிவான 14.7 அடிதான் அதுவரை உச்சம். அந்தக் கருவி 20.9 அடி வரை காட்டிவிட்டு நின்றுபோனது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 9,000 வீடுகள் சேதமடைந்தன.

அந்த வீடுகளில் வெள்ளக் காப்பீடு இருந்தவை மிகச் சொற்பம். இரண்டாண்டு கழித்து, 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மேற்கு மலைகளில் மழையைக் கொட்டியது. யான்சி கவுண்டியின் ஓரிடத்தில் 30 அங்குலத்துக்கு மேல் பெய்தது. அந்த மலைக் கவுண்டிகள் பலவற்றிலும் நூற்றுக்கு ஒரு வீட்டுக்குக்கூட வெள்ளக் காப்பீடு இல்லை. 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சஸின் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அங்கேயும் இதே நிலைதான்.

இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் தொலைக்காட்சியில் ஒரு கேள்வி எழுகிறது: ஆற்றங்கரையில் வீட்டைக் கட்டிக்கொண்டு இவர்கள் ஏன் காப்பீடு எடுக்கவில்லை? கேட்பவர் தொனியில் அந்த மக்களின் அசட்டையைக் குறைசொல்லும் குறிப்பு இருக்கும். நான் அதை ஏற்கவில்லை. அமெரிக்க வெள்ளக் காப்பீட்டின் வரைபடம், கடன் சட்டம், பிரீமியம், பத்திரத்தின் வாசகம் என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால், கடற்கரையையும் புறநகரையும் மனதில் வைத்து இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள் என்பது தெரியும். மலைக் கவுண்டியின் வீட்டுக்காரர் அதில் எந்தப் பக்கத்திலும் முழுதாக அடங்கமாட்டார்.

கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு. பெயருக்கு நம் மாவட்டம் மாதிரி என்றாலும் அளவில் மிகச் சிறியது. 2022இல் அதிகம் அடிபட்ட நாட், பிரெத்திட், லெட்சர், பெர்ரி ஆகிய நான்கிலும் தலா பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஓர் ஓடை, அதை ஒட்டி ஒற்றைச் சாலை, சாலையோரம் வரிசையாக வீடுகள். இந்த இடுக்குப் பள்ளத்தாக்கை அங்குள்ளவர்கள் 'ஹாலர்' என்பார்கள். சமநிலம் அங்கே மட்டும்தான் கிடைக்கும். மேட்டில் கட்டியிருக்கலாமே என்றால், மேட்டு நிலத்தில் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாக வெளியூர் நிலக்கரி நிறுவனங்களிடமும் நில நிறுவனங்களிடமும் இருந்துவருகிறது. அப்பலாச்சிய நிலவுடைமை பற்றி 1980களின் தொடக்கத்தில் உள்ளூர் மக்களே பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு இதை ஊரறியச் செய்தது. அதே மலைகளின் உச்சியை வெட்டி நிலக்கரி எடுத்ததில் காடு போயிற்று, மண்ணும் இறுகிப்போயிற்று. மழைநீரை உறிஞ்ச வேண்டிய சரிவு அதை நேராக ஓடைக்குத் தள்ளிவிடுகிறது. சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று 1977 முதல் கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. சீர்படுத்திய இடத்தில் புல் முளைக்கும், ஆனால் பழைய காடு வாங்கிய தண்ணீரை அந்தப் புல் வாங்காது.

தனியார் கைவிட்டதும் அரசு ஏற்றதும்

அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீட்டுப் பத்திரம் தீ, காற்று, திருட்டு எல்லாவற்றுக்கும் பணம் தரும். வெள்ளத்துக்குத் தராது. 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து ஊர் ஊராக மூழ்கடித்த பிறகு தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்பீட்டிலிருந்து விலகிக்கொண்டன. தீ ஒரு வீட்டைப் பிடித்தால் மற்ற ஆயிரம் வீட்டுப் பிரீமியத்திலிருந்து இழப்பைக் கட்டலாம். வெள்ளம் ஆயிரம் வீட்டையும் ஒரே இரவில் பிடிக்கும். அதோடு பள்ளத்தில் இருப்பவர்தான் காப்பீடு கேட்டு வருவார், மேட்டில் இருப்பவர் வரமாட்டார்.

1965இல் பெட்சி புயல் லூசியானாவைத் தாக்கியது. அதன்பின் காங்கிரஸ் 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைச் சட்டமாக்கியது. இப்போது அதை நடத்துவது ஃபெமா என்னும் கூட்டரசுப் பேரிடர் முகமை. ஒப்பந்தம் எளிமையானது: ஓர் ஊரோ கவுண்டியோ வெள்ளச் சமவெளியில் கட்டடம் கட்ட விதிகளை ஏற்றுக்கொண்டால், அங்குள்ளவர்கள் அரசிடம் காப்பீடு வாங்கலாம். புவியியலாளர் கில்பர்ட் வைட் தலைமையில் 1966இல் அறிக்கை தந்த குழு, காப்பீட்டை மட்டும் கொடுத்து நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தாவிட்டால் மக்களைப் பள்ளத்துக்கே இழுப்பதாகிவிடும் என்று எச்சரித்திருந்தது. கடற்கரை மாநிலங்களில் ஓரளவு அப்படியே நடந்தது. 2005இல் கத்ரினா புயலின் இழப்பீடே சுமார் 1,600 கோடி டாலர். திட்டத்தின் கடன் கட்ட முடியாத அளவுக்குப் போய், 2017இல் காங்கிரஸ் 1,600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் 2,000 கோடிக்கு மேல் கடன் நின்றது. ஹாலரில் வாழும் குடும்பம் இந்தக் கடனுக்குக் காரணமில்லை. ஆனால் கடனை அடைக்க எடுத்த நடவடிக்கைகளின் பாரம் அந்தக் குடும்பத்தின் மேலும் விழுகிறது.

கோடு எங்கே நிற்கிறது

ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் 'நூறாண்டு வெள்ளப் பகுதி' என்று ஒரு கோடு உண்டு. இந்தப் பெயரைப்போல் மக்களை ஏமாற்றிய பெயர் வேறில்லை. நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று நினைத்து, 'தாத்தா காலத்தில் வந்தது, இனி பேரன் காலத்தில்தான்' என்று இருந்துவிடுகிறார்கள். எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் வெள்ளம் வர வாய்ப்பு 26 விழுக்காடு, அதாவது நாலில் ஒன்று.

நகரத்திலும் கடற்கரையிலும் தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்பதைக் கணக்கிட்டு வரைகிறார்கள். நாட்டுப்புறக் கவுண்டிகளில் பல இடங்களுக்கு அந்தக் கணக்கே இல்லை. தோராயமாகக் கோடு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சதுர மைலுக்குக் குறைவான நீர்ப்பிடிப்பு உள்ள சிற்றோடைகளைப் பொதுவாக வரைவதே இல்லை. மலைப்பகுதியில் உயிரைக் குடிப்பது இந்தச் சிற்றோடைதான். ஆறு ஏற நேரமாகும், எச்சரிக்கவும் முடியும். ஓடை அரைமணி நேரத்தில் படுக்கையறைக்குள் வந்துவிடும். மழைநீர் சரிவில் இறங்கி வரும் வெள்ளமும் இந்த வரைபடத்தில் கிடையாது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் என்னும் ஆய்வு அமைப்பு 2020இல் போட்ட கணக்கில், பெரிய ஆபத்திலுள்ள மனைகள் நாடு முழுக்க 1.46 கோடி. ஃபெமாவின் கோட்டுக்குள் இருந்தவை 87 லட்சம்.

கோட்டை நகர்த்தவும் வழி இருக்கிறது. நில அளவரைக் கூட்டிவந்து, என் கட்டடம் அளவுக்கு மேலே இருக்கிறது என்று காட்டி மேல்முறையீடு செய்யலாம். கெர் கவுண்டியில் 27 சிறுமியரும் பணியாளரும் இறந்த கோடை முகாமின் கட்டடங்களில் சுமார் முப்பது, 2013, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் இப்படித்தான் வரைபடத்தின் ஆபத்துப் பகுதியிலிருந்து நீங்கின. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் ஒரு கட்டடம் கோட்டுக்கு வெளியே போனதும் காப்பீடு எடுக்கும் கட்டாயம் போய்விடுகிறது. அதைவிடப் பெரிதாக, அச்சமும் போய்விடுகிறது.

வங்கி கேட்காத வீடு

1973 முதல் ஒரு விதி உண்டு. வரைபடத்தின் ஆபத்துப் பகுதியிலுள்ள வீட்டுக்குக் கூட்டரசின் கண்காணிப்பில் உள்ள வங்கி கடன் கொடுத்தால், வெள்ளக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் பெரும்பாலோர் வெள்ளக் காப்பீடு எடுப்பது வங்கி கேட்பதால்தான்.

கிழக்குக் கென்டக்கியில் பல வீடுகளுக்கு வங்கிக் கடனே கிடையாது. பாட்டனார் கட்டியது, அப்பா நீட்டியது, அல்லது ரொக்கம் கொடுத்து வாங்கி ஓடைக்கரையில் நிறுத்திய நகரும் வீடு. கேட்க வங்கியும் இல்லை, சொல்ல முகவரும் இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயில் எழுதாமல் இறந்தவர்களின் சொத்து பாகம் பிரியாமல் பேரப்பிள்ளைகள் வரை பொதுவில் நிற்கும். இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டுப் பட்டாவில் கடன் கேட்டுப்போன எவருக்கும் தெரியும். பத்திரம் தன் பேரில் இல்லாததால் ஃபெமாவின் உதவித்தொகையே மறுக்கப்பட்ட குடும்பங்கள் ஏராளம். 2021இல்தான் அந்த விதியைத் தளர்த்தி, வரி ரசீது போன்ற பிற சான்றுகளையும் ஏற்கத் தொடங்கினார்கள்.

அடுத்தது விலை. 2021 அக்டோபரில் புதிய பத்திரங்களுக்கும் 2022 ஏப்ரலில் பழையவற்றுக்கும் ஃபெமா புதிய கணக்குமுறையைக் கொண்டுவந்தது. கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று மட்டும் பார்க்காமல், நீர்நிலையிலிருந்து எத்தனை தூரம், தரை எவ்வளவு உயரம், வீட்டை மறுபடி கட்ட எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனியே கணக்கிடுகிறது. கொள்கையளவில் இது நியாயம். கடலோர மாளிகையின் பிரீமியத்தை இனியும் மற்றவர் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் ஹாலரில் எந்த வீடும் ஓடையிலிருந்து கல்லெறி தூரம்தான். அரசின் தணிக்கை அலுவலகம் 2023இல் சொன்ன கணக்கு இது: நாடு முழுக்க நடுத்தரப் பிரீமியம் ஆண்டுக்கு 689 டாலர், ஆபத்துக்கு ஏற்ற முழு விலையை எட்ட அது 1,288 டாலர் ஆக வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது என்று சட்டம் தடுப்பதால் இது படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறது. 2022இல் பாதிக்கப்பட்ட கவுண்டிகளில் சிலவற்றின் குடும்ப வருமானம் நாட்டின் நடுத்தர வருமானத்தில் ஏறக்குறையப் பாதி. அங்கே காப்பீட்டுக்குக் கட்டும் பணத்தை மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோதான் குறைக்க முடியும்.

தள்ளுபடி இல்லாமல் இல்லை. கவுண்டி நிர்வாகம் விதிகளை இறுக்கி, வடிகாலைப் பராமரித்து, மக்களுக்கு எச்சரிக்கை செய்தால் அங்குள்ள எல்லாருக்கும் 5 முதல் 45 விழுக்காடு வரை பிரீமியம் குறையும். திட்டத்தில் சேர்ந்த 22,000க்கும் மேற்பட்ட ஊர்களிலும் கவுண்டிகளிலும் இந்தத் தள்ளுபடியில் சேர்ந்தவை ஏறத்தாழ 1,500. கோப்புகளைத் தயாரிக்க ஆள் வேண்டும். சின்னக் கவுண்டியில் கட்டட அனுமதி, சாலை, குப்பை எல்லாவற்றையும் பார்ப்பவர் ஒருவரே. ஆக, தள்ளுபடி பணமும் ஆளும் உள்ள ஊருக்கே போய்ச் சேருகிறது.

பத்திரத்தைப் பிரித்துப் படித்தால்

இதையெல்லாம் தாண்டி ஒருவர் காப்பீடு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர். பொருளுக்கான காப்பீட்டைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்குச் சுவர் கிடைக்கும், கட்டில் கிடைக்காது. வீட்டை விட்டு வெளியே தங்கும் வாடகைக்குச் சல்லிக்காசு இல்லை.

இனி விலக்குகளைப் படிக்க வேண்டும். பாலம் இல்லை. ஹாலரில் பல வீடுகளுக்குச் சாலையிலிருந்து ஓடையைத் தாண்டிச் செல்லச் சொந்தப் பாலம் இருக்கும். பழைய இரயில் தண்டவாளத்தையோ இரும்புத் தூலத்தையோ போட்டு, மேலே பலகை அடித்து, வீட்டுக்காரர் தன் கையால் கட்டியது. வெள்ளம் முதலில் அடித்துக்கொண்டு போவது அதைத்தான். அது போனால் லாரி வராது, தச்சர் வரமாட்டார், ஆம்புலன்சும் வராது. கிணறு இல்லை. கழிவுநீர்த் தொட்டி இல்லை. குழாய்நீரும் பாதாளச் சாக்கடையும் எட்டாத இடத்தில் இந்த இரண்டும் இல்லாமல் வீட்டில் ஒருநாள் குடியிருக்க முடியாது. நடைபாதை, வாகனம் ஏறும் பாதை, வேலி, தடுப்புச் சுவர் இல்லை. ஆடுமாடு, நிற்கும் பயிர் இல்லை. தொழுவத்துக்குத் தனிப் பத்திரம். நிலவறை இருந்தால் அங்குள்ள கொதிகலனுக்கும் மின்பெட்டிக்கும் கிடைக்கும். அங்கே பூசிய சுவருக்கும் போட்ட தரைக்கும் கிடையாது.

எனக்கு மிக உறுத்தியது மண் பற்றிய வாசகம். சேறு ஆறுபோல் ஓடி வந்து வீட்டை அடித்தால் அது வெள்ளம், பணம் உண்டு. மழையில் ஊறிய சரிவு பெயர்ந்து வீட்டின்மேல் விழுந்தால் அது நிலச்சரிவு, பணம் இல்லை. இரண்டும் ஒரே மழையில், ஒரே இரவில், ஒரே சரிவிலிருந்துதான் வருகின்றன. நான்கு நாள் கழித்து மதிப்பீட்டாளர் வரும்போது வீட்டுக்குள் முழங்கால் சேறு கிடக்கிறது. அது ஓடி வந்ததா, பெயர்ந்து விழுந்ததா என்பதை அந்தச் சேற்றைப் பார்த்து அவர் முடிவுசெய்ய வேண்டும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அந்த ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது.

வீட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் சேதமானால் இன்னொரு விதி வருகிறது. ஆபத்துப் பகுதியில் அதை அப்படியே பழுதுபார்க்க முடியாது, விதித்த உயரத்துக்குத் தூக்கிக் கட்ட வேண்டும். அதற்குப் பத்திரம் தரும் கூடுதல் தொகை 30,000 டாலர். ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்த ஆகும் செலவு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

காப்பீடு இல்லாதவருக்கு என்ன கிடைக்கும்? 2022இல் ஃபெமா வீட்டுக்குத் தந்த உச்ச உதவி 37,900 டாலர். அது உச்சம். பெரும்பாலோர் கைக்கு வந்தது அதில் சிறு பங்கு. சிறுதொழில் முகமை குறைந்த வட்டியில் கடன் தரும். கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டும் சக்தி இல்லை என்றால் விண்ணப்பமே நிற்காது. உதவி பெற்றவர் ஆபத்துப் பகுதியில் இருந்தால் அன்றிலிருந்து வெள்ளக் காப்பீட்டை விடாமல் வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த வெள்ளத்தில் அந்த உதவியும் இல்லை. பிரெத்திட் கவுண்டியில் 2021 மார்ச்சில் வெள்ளம் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி வந்தது, 2025 பிப்ரவரியில் கிழக்குக் கென்டக்கி மீண்டும் மூழ்கியது. இந்த நிபந்தனையை எழுதியவர்கள் நான்காண்டில் மூன்று வெள்ளத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

மேட்டுக்குப் போவது

வீட்டை அரசே விலைக்கு வாங்கி இடித்து, அந்த இடத்தை என்றென்றும் வெறும் நிலமாக விட்டுவிடுவது ஒரு வழி. ஆபத்தை வேரோடு நீக்குவது அதுதான். செலவில் முக்கால் பங்கைப் பொதுவாகக் கூட்டரசு தரும், மீதியை மாநிலமோ கவுண்டியோ போட வேண்டும். ஆனால் ஒரு வீட்டை வாங்கி முடிக்கப் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு மேல் ஆகிறது என்று இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் 2019இல் கணக்கிட்டது. ஐந்தாண்டு எங்கே தங்குவது? வாங்கிய மனையிலிருந்து கவுண்டிக்கு இனி வரி வராது. வரி குறைந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் குறையும்.

கென்டக்கி செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. ஆளுநர் ஆண்டி பெஷியர் அரசு, முன்பு நிலக்கரி வெட்டிச் சமமாகிக் கிடந்த மேடுகளில் புதிய குடியிருப்புகளை எழுப்புகிறது. பெர்ரி கவுண்டியில் ஸ்கைவியூ, நாட் கவுண்டியில் செஸ்ட்நட் ரிட்ஜ் ஆகியவை அவற்றில் சில. வெள்ளத்தைப் பெருக்கிய அதே மொட்டை மேடுகள் இப்போது அடைக்கலமாகின்றன. தேவைக்கு இது போதாது, வேகமும் குறைவு. ஆனாலும் வீட்டுக்காரரைப் பள்ளத்திலிருந்து வெளியே எடுப்பதில் நான் பார்த்தவற்றுள் இதுவே உருப்படியான முயற்சி.

காப்பீட்டைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது எவருக்கும் தெரியாத இரகசியமல்ல. வருமானம் குறைந்த குடும்பத்துக்குப் பிரீமியத்தில் அரசு உதவ வேண்டும் என்று ஃபெமாவே 2022இல் காங்கிரசுக்கு முன்மொழிவு அனுப்பியது. தேசிய ஆய்வு மன்றம் 2015லேயே இந்தக் கேள்வியை எடுத்து இரண்டு அறிக்கைகள் தந்திருந்தது. சட்டம் வரவில்லை. 2017 முதல் மொத்தத் திட்டமே முப்பதுக்கும் மேற்பட்ட குறுகியகால நீட்டிப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் தீர்ப்பு இதுதான்: வருமானத்துக்கேற்ற பிரீமியம், சிற்றோடை வரை நீளும் வரைபடம், பாலத்தையும் கிணற்றையும் கழிவுத்தொட்டியையும் வீட்டின் உறுப்பாக ஏற்கும் பத்திரம். இந்த மூன்றும் வராமல் நாட்டுப்புற வீட்டுக்காரரைப் பார்த்து ஏன் காப்பீடு எடுக்கவில்லை என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் சட்டம் மாறும் வரை காத்திருக்கச் சொல்லி யாருக்கும் நான் எழுதமாட்டேன். குறைகளோடு கூடிய இந்தப் பத்திரம்கூட, ஃபெமாவின் சில ஆயிரம் டாலரைவிடப் பல மடங்கு தரும். இதைப் படிக்கும் உங்கள் பிள்ளையோ தங்கையோ டெக்சஸிலோ கரோலினாவிலோ வீடு வாங்கப் போகிறார்களானால், இன்றே தொலைபேசியில் சில கேள்விகள் கேளுங்கள்: வீட்டைச் சுற்றி ஓடை எங்கே ஓடுகிறது? அந்த மனைக்கு இதற்கு முன் வெள்ளம் வந்ததுண்டா? பொருளுக்கான காப்பீட்டைத் தனியே சேர்த்தாயிற்றா? 'கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது, வங்கி கேட்கவில்லை' என்று பதில் வந்தால், அண்மை ஆண்டுகளில் இழப்பீடு கேட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்று சொல்லுங்கள். வானிலை அறிக்கையைக் கேட்டபின் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட வேண்டாம். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் ஒழிய, பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அந்தப் பத்திரம் உயிர்பெறும்.